மவுண்ட் அகஸ்டஸ் போகிற தம்பி தங்கைகளுக்கு

பெர்த்துக்கு வேலைக்கும் படிப்புக்கும் வந்த நம் பிள்ளைகள் முதல் ஒன்றிரண்டு வருடம் கடற்கரை, மார்கரெட் ரிவர், பினக்கிள்ஸ் என்று சுற்றுகிறார்கள். பிறகு ஒருநாள் வரைபடத்தில் நேர் வடக்கே, காஸ்கோயின் பகுதியின் நடுவில், சாலைக் கோடுகள் அருகிப் போன இடத்தில் மவுண்ட் அகஸ்டஸ் என்ற பெயரைப் பார்த்துவிட்டு என்னிடம் வழி கேட்கிறார்கள். கூடவே இன்னொரு கேள்வியும் வருகிறது: "மூணு நாள் லீவுல போயிட்டு வந்துடலாமா, அங்கிள்?"

முடியாது. கீழே எழுதியிருப்பதில் பாதி அந்த ஒரு கேள்விக்கான பதில்தான். அந்தப் பக்கத்தில் ஆட்களைச் சாய்ப்பது மலையும் பாம்பும் அல்ல, அவசரம். போகவேண்டாம் என்று ஒருபோதும் சொல்லமாட்டேன். இந்த நாட்டில் வாழ வந்துவிட்டு அதன் உள்வயிற்றைப் பார்க்காமலே இருப்பது பெரிய இழப்பு. ஆனால் போகிற முறையில் போங்கள்.

1. முதலில் நாட்களை ஒதுக்குங்கள், பிறகு மற்றதைப் பேசலாம். பெர்த்திலிருந்து மீக்கதாரா வரை கிரேட் நார்தர்ன் ஹைவேயில் சுமார் 760 கிலோமீட்டர், நல்ல தார்ச்சாலை. அங்கிருந்து வடமேற்கே மலைவரை ஏறத்தாழ 350 கிலோமீட்டர் மண்சாலை. மொத்தம் 1100 கிலோமீட்டருக்கு மேல், ஒரு வழிக்கு மட்டும். போக இரண்டு நாள், வர இரண்டு நாள், மலையடியில் முழுதாக இரண்டு நாள், எதற்கும் ஒதுக்காத ஒரு நாள்: ஆக ஏழு. அந்த ஏழாவது நாள்தான் உங்கள் உயிர்க்காப்பு. டயர் போனால், மழை பெய்து சாலையை மூடினால், உடன் வந்தவருக்கு காய்ச்சல் கண்டால், அந்த நாள் இருக்கிறது என்ற நினைப்பே சரியான முடிவை எடுக்க வைக்கும். திங்கட்கிழமை காலை ஆபீஸில் இருந்தாக வேண்டும் என்கிறவன் இருட்டிலும் ஓட்டுவான், மூடிய சாலையிலும் ஓட்டுவான்.

2. ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை போகலாம். கோடையில் அங்கே 40 டிகிரியைத் தாண்டுவது அன்றாட நடப்பு. டிசம்பர் விடுமுறைதான் உங்களுக்கு வசதி என்பது எனக்குத் தெரியும். அந்த மாதத்தில் தெற்கே ஆல்பனி பக்கம் போங்கள், இங்கே வேண்டாம். கோடையில் வெயில் ஒரு பக்கம், புயல் கொண்டுவரும் மழை இன்னொரு பக்கம். காஸ்கோயின் ஆறு மேற்கு ஆஸ்திரேலியாவிலேயே நீளமானது. வருடத்தின் பெரும்பகுதி மேலே வெறும் மணல், அடியில் ஓடுகிற நீர். அதே ஆறு 2010 டிசம்பரில் பொங்கி, காஸ்கோயின் ஜங்ஷன் என்ற சிற்றூரின் பழைய மதுவிடுதியையே அடித்துக்கொண்டு போனது. பனிக்காலத்தில் பகல் இதமாக இருக்கும். இரவில் குளிர் எலும்பைத் தொடும், கம்பளிச்சட்டை இல்லாமல் போகாதீர்கள். ஆகஸ்ட் மாதத்தில், முன்பே நல்ல மழை பெய்திருந்தால், சாலையோரம் முழுக்கக் காட்டுப்பூ. மழை பொய்த்த வருடம் அது கிடையாது. பூவுக்காகவே போகிறவர்கள் விசாரித்துவிட்டுப் போங்கள்.

3. வாடகை வண்டி எடுக்கிறீர்கள் என்றால் ஒப்பந்தத்தை ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கேட்க வேண்டும். சாதாரணக் கார்களுக்கு மண்சாலையில் காப்பீடு கிடையாது என்று பெரும்பாலான நிறுவனங்கள் எழுதியிருக்கும். ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்குக்கூடச் சில சாலைகளில் அனுமதி இருக்காது. போகிற வழியை எழுதிக் கொடுத்து, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். சாலை காய்ந்து, கிரேடர் ஓட்டிச் சமப்படுத்தியிருந்தால் சிறிய கார்கூடப் போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். சாலை அந்த நிலையில் எத்தனை நாள் இருக்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். உயரமான, கனத்த டயர் உள்ள வண்டியே சரி.

4. ஸ்டெப்னி இரண்டு. ஒன்று போதும் என்று சொல்லும் நண்பரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். புறப்படும் முன்பு உங்கள் வீட்டு வாசலிலேயே ஒரு டயரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். குழுவில் இருக்கிற ஒவ்வொருவரும், பெண்பிள்ளைகளும் சேர்த்து, செய்து பார்க்க வேண்டும். ஜாக்கி மணலில் புதையும், அதன் அடியில் வைக்க ஒரு கனத்த பலகை எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சர் ஒட்டும் சாமான், காற்று அளக்கும் கருவி, வண்டி பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரஸர் ஆகியவையும் வேண்டும்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. தார்ச்சாலைக்கு அடித்த காற்றோடு சரளையில் ஓட்டினால் கல் குத்துவதற்கு டயரை நாமே விறைப்பாக நீட்டிக் கொடுத்த மாதிரி. தார் முடிகிற இடத்தில் நிறுத்தி, வண்டியின் பாரத்தைப் பொறுத்து நாலில் ஒரு பங்குவரை இறக்குங்கள். டயர் கல்லை வாங்கி வளைந்து கொடுக்கும், உலுக்கலும் குறையும். காற்று குறைந்த டயரில் வேகமாகப் போகக்கூடாது. 80ஐத் தாண்டாதீர்கள்.

5. எரிபொருள் கணக்கு எளிது, ஆனால் யாரும் போடுவதில்லை. மீக்கதாராவை விட்டால் மலையடியில் இருக்கும் சுற்றுலாப் பூங்காவில்தான் அடுத்த பங்க். அங்கே சரக்கு இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். கிளம்புவதற்கு முதல் நாள் தொலைபேசியில் கேளுங்கள். போக 350, வர 350, மலையைச் சுற்ற 50: மொத்தம் 750 கிலோமீட்டர். பாரமேற்றிய வண்டி மண்சாலையில் 100 கிலோமீட்டருக்கு 14 லிட்டர் குடித்தால் 105 லிட்டர் ஆகிறது. உங்கள் டேங்க் 80 லிட்டர் என்றால் மீதி எங்கிருந்து வரும்? அதற்குத்தான் ஜெர்ரி கேன்.

6. ஓட்டும்போது இவற்றை மனத்தில் வையுங்கள். எதிரே ரோடு ட்ரெய்ன் வருகிறது என்றால், ஐம்பது மீட்டருக்கு மேல் நீளமுள்ள, மூன்று நான்கு பெட்டிகள் கோத்த லாரி அது. இடப்பக்கம் ஒதுங்கி, மெதுவாக நின்று, புழுதி அடங்கும்வரை காத்திருங்கள். அதன் பின்னால் மாட்டிக்கொண்டால் புழுதிக்குள் கண்ணை மூடிக்கொண்டு முந்தாதீர்கள். பத்து நிமிடம் இறங்கி நின்று தேநீர் குடிப்பது உத்தமம். சாலையில் வரிவரியாக அலை விழுந்திருக்கும், வளைவில் அதன்மேல் வண்டி மிதக்கும். பிரேக்கை மிதிப்பதெல்லாம் வளைவுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். சில இடங்களில் முகப்பவுடர் போன்ற நுண்புழுதி குழியை நிரப்பிச் சமதரை மாதிரி ஏமாற்றும். நிறம் மாறிய தரையைக் கண்டால் வேகத்தைக் குறையுங்கள்.

மாலை நாலரைக்குமேல் ஓட்டாதீர்கள். ஜூன் மாதத்தில் அங்கே ஐந்தரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். அந்த நேரம்தான் கங்காரு, ஈமு, மாடு எல்லாம் சாலைக்கு வரும். வேலி இல்லாத மாட்டுப்பண்ணை நிலத்தின் ஊடே போகிற சாலை அது. குறுக்கே விலங்கு வந்தால் நேராகப் பிடித்து பிரேக் போடுங்கள், ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள். விலங்குக்காக ஒடித்துக் குப்புற விழுந்த வண்டிகளே அதிகம். பண்ணை வாயிற்கதவுகள் எப்படி இருந்தனவோ அப்படியே விட்டுப் போங்கள்: திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி. சாலை மூடப்பட்டது என்ற பலகை இருந்தால் அது ஆலோசனை அல்ல, சட்டம். ஈரச்சாலையில் நீங்கள் உழுதுவிட்டுப் போகிற தடம் காய்ந்தபின் பல மாதம் அங்கே வாழ்கிறவர்களின் வண்டியை உடைக்கும்.

7. தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து லிட்டர் கணக்கில், திட்டத்தைவிட இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே கேனில் ஊற்றாதீர்கள். கேன் ஓட்டையானால் எல்லாம் போயிற்று.

வழியெங்கும் போனில் சிக்னல் இராது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். சாட்டிலைட் போன் வாடகைக்குக் கிடைக்கும். அதோடு ஆபத்து நேரத்தில் சமிக்ஞை அனுப்பும் பி.எல்.பி. கருவி ஒன்றை ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவுசெய்து எடுத்துப் போங்கள். யூ.எச்.எஃப். ரேடியோ இருந்தால் சேனல் 40இல் லாரிக்காரர்கள் பேசுவது கேட்கும், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அவர்களுக்கும் சொல்லலாம்.

இப்போது சொல்வதுதான் இந்தப் பட்டியலிலேயே முக்கியமானது. வண்டி நின்றுவிட்டால் வண்டியைவிட்டு நகராதீர்கள். பானட்டைத் தூக்கி வையுங்கள், நிழலில் உட்காருங்கள், குடிக்க வேண்டிய தண்ணீரைக் குடியுங்கள். மேலிருந்து தேடுகிற விமானத்துக்கு வண்டி தெரியும், புதருக்குள் நடக்கிற மனிதன் தெரியமாட்டான். "பத்து கிலோமீட்டர்ல பண்ணை வீடு இருக்கு, நடந்து போய்க் கேட்டுட்டு வந்துடறேன்" என்று கிளம்பியவர்களில் பலர் இந்த நாட்டு வரலாற்றில் திரும்பவில்லை. நமக்கு உட்கார்ந்திருப்பது கஷ்டம், ஏதாவது செய்யவேண்டும் என்று கை துறுதுறுக்கும். அந்தத் துறுதுறுப்பை அடக்க முடியாதவரை அழைத்துப்போகாதீர்கள். ராயல் ஃப்ளையிங் டாக்டர் சர்வீஸ், 1928இலிருந்து உள்நாட்டு மக்களுக்கு ஆகாய வழியில் வைத்தியம் பார்க்கிற அமைப்பு. அதன் தளம் ஒன்று மீக்கதாராவில் இருக்கிறது. உதவி வரும், ஆனால் நேரம் எடுக்கும். அந்த நேரத்தைத் தாங்குகிற தண்ணீரும் நிதானமும் உங்களிடம் இருக்கவேண்டும்.

8. சாப்பாட்டைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, ஊறுகாய், வறுத்த கடலை. வெயிலில் இழக்கும் உப்பையும் அவை ஈடுசெய்யும்.

9. போய்ச் சேர்ந்த மறுநாளே மலையில் ஏறாதீர்கள். முதல் முழுநாளை மலையைச் சுற்றுவதற்குக் கொடுங்கள். அடிவாரத்தைச் சுற்றி 49 கிலோமீட்டர் மண்சாலை இருக்கிறது. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போனவர்களுக்கு நான் சொல்வது புரியும்: சுற்றி வந்தவனுக்கே மலை ஒவ்வொரு திசையிலும் வேறு முகம் காட்டும். சமவெளியிலிருந்து 715 மீட்டர் எழும் மலை இது. உலுருவின் உயரம் 348 மீட்டர்தான். ஆனால் உலுருவைப் போல மொட்டைப் பாறையாக இது நிற்காது. நம்மூர் வேலமரத்துக்கு உறவான மல்கா மரங்களும் புதர்களும் மேலே படர்ந்திருக்கும். அதனால் படம் பார்த்து வந்தவர்கள் முதலில் கொஞ்சம் ஏமாறுவார்கள். ஏமாற்றம் ஒரு மாலைவரைதான் நிற்கும். எமு ஹில் பார்வையிடத்தில் சூரியன் இறங்கும் நேரத்தில் நின்றால், எட்டு கிலோமீட்டர் நீளப் பாறை செம்மை, ஆரஞ்சு, ஊதா என்று நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதைக் காணலாம்.

வடபக்கம் லயன்ஸ் ஆற்றில் கூலினி என்ற மடு இருக்கிறது, கேட்டில் பூல் என்றும் சொல்வார்கள். வெள்ளைப்பட்டை யூகலிப்டஸ் மரங்களும் கொரெல்லாக் கிளிகளின் இரைச்சலுமாக இருக்கும். நண்பகலை அங்கே கழியுங்கள். பாலைவனம் வெறும் மண் என்று நினைத்திருந்த பிள்ளைகள் அந்தக் கரையில் வாயடைத்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். தி பவுண்ட் என்ற இயற்கைக் கிண்ணத்தையும் தவறவிடாதீர்கள். மாடுகளை மீக்கதாராவுக்கு நடத்தியே ஓட்டிச் சென்ற காலத்தில் அவற்றை அதற்குள்தான் அடைத்து வைத்தார்கள்.

தேசியப் பூங்காவுக்குள் எங்கும் கூடாரம் அடிக்க அனுமதியில்லை. தங்குவது வெளியே இருக்கும் சுற்றுலாப் பூங்காவில்தான், ஜூலை பள்ளி விடுமுறையில் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள்.

10. யாருடைய மலை என்று தெரிந்துகொண்டு போங்கள். வெள்ளைக்காரர்களில் பிரான்சிஸ் கிரிகரி 1858 ஜூன் 3 அன்று ஏறி, தன் சகோதரர் அகஸ்டஸின் பெயரை வைத்தார். அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பிருந்தே வஜாரி மக்களுக்கு இது பரிங்குரா. பரிங்குரா ஒரு சிறுவன். ஆணாக ஏற்கும் சடங்கின் கடுமை தாங்காமல் தப்பி ஓடினான். சட்டத்தை மீறியவனைத் தடம்பார்த்துத் துரத்தி வந்தவர்கள் ஈட்டியால் காலில் குத்தினார்கள், ஈட்டி ஒடிந்தது. தடிகளின் அடியும் விழ, அவன் குப்புறச் சரிந்தான். ஒரு காலை மடக்கிக் கிடக்கும் அவன் உடலே இந்த மலை, காலில் குத்திநின்ற ஈட்டித்துண்டும் மலையின் ஒரு முனையில் தெரிகிறது. வஜாரிகள் வெளியாருடன் பகிர்ந்துகொள்ள இசைந்த அளவு இது. இதற்கு மேல் துருவிக் கேட்காதீர்கள்.

ஊரம்பூ, முண்டீ, பீடோபூண்டு ஆகிய இடங்களில் பாறையில் செதுக்கிய உருவங்கள் இருக்கின்றன. கை வைக்காதீர்கள். படத்தில் தெளிவாக விழவேண்டும் என்று தண்ணீர் தெளிக்கவோ சாக்பீஸால் கோடு போடவோ கூடாது. நம் ஊர்க் கோயில் தூண்களிலும் குகை ஓவியங்களிலும் பெயர் கிறுக்கியிருப்பதைப் பார்த்து நாம் வயிறெரிகிறோம் அல்லவா, அந்த வயிற்றெரிச்சல் அவர்களுக்கும் உண்டு. கல் எடுத்துவராதீர்கள். அருகிலிருக்கும் பரிங்குரா குடியிருப்பு மக்கள் வாழும் ஊர், காட்சிப்பொருள் அல்ல. அனுமதி இல்லாமல் உள்ளே நுழைவது தவறு.

11. உலகின் மிகப் பெரிய ஒற்றைக்கல் என்று விளம்பரங்களில் படிப்பீர்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டு வந்து நண்பர்களிடம் சொல்லாதீர்கள். ஒற்றைக்கல் என்றால் முழுதும் ஒரே பாறையாக இருக்கவேண்டும். இது அப்படியல்ல. சுமார் 160 கோடி வருடங்களுக்கு முன் பழைய ஆறுகள் கொண்டுவந்து படிய வைத்த மணலும் கூழாங்கல்லும் அடுக்கடுக்காக இறுகி, அதைவிடப் பழைய கருங்கல் தரையின் மேல் அமர்ந்து, பூமியின் நெருக்கத்தில் வில்லாக வளைந்து நிற்பது. ஏறும்போது காலடியில் பாறைக்குள் பதிந்த உருண்டைக் கூழாங்கற்களைப் பாருங்கள். மீனுக்கும் மரத்துக்கும் முந்திய காலத்து ஆறு உருட்டிவிட்ட கற்கள் அவை. விளம்பரப் பட்டத்தைவிட இந்த உண்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

12. இப்போது ஏற்றம். உலுருவில் ஏறுவது அதன் மக்களின் விருப்பப்படி 2019 அக்டோபர் 26 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. இங்கே அடையாளமிட்ட பாதையில் உச்சிவரை போக அனுமதி இருக்கிறது. வெப்ப நாட்களில் பாதையை மூடலாம், முதல்நாளே கேட்டுக்கொள்ளுங்கள். பீடோபூண்டிலிருந்து போய்வர 12 கிலோமீட்டர். "12தானே" என்று அலட்சியமாகச் சொல்லும் வாயை அடக்குங்கள். பாறைமேல் பாறையாகத் தாவி, நிழல் அருகிய சரிவில் ஏறி இறங்க ஆறிலிருந்து எட்டு மணிநேரம் ஆகும். ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் முதுகில் இருக்கவேண்டும், வழியில் ஊற்று கிடையாது. விடியல் வெளுக்கும்போதே கால் பாதையில் இருக்கட்டும். பதினொரு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புங்கள். உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்புங்கள். இதை அடிவாரத்திலேயே எல்லோரும் பேசி ஒத்துக்கொண்டு ஏறவேண்டும். மேலே போய்ப் பேசினால், குழுவில் பலசாலி சொல்வதே முடிவாகிவிடும், தள்ளாடுகிறவர் வெட்கத்தில் வாய் திறக்கமாட்டார். எப்போதும் மெதுவாக நடப்பவரை முன்னே விடுங்கள்.

முழங்கால் வலிக்காரர்களும் குழந்தைகளோடு வருகிறவர்களும் எட்னீஸ் லுக்அவுட் வரை ஏறினால் போதும். அதில் குறை ஒன்றுமில்லை. அங்கிருந்தே சமவெளி தொடுவானம்வரை விரியும்.

ஈ மொய்க்கும், தலைக்கு வலை வாங்கிக்கொள்ளுங்கள். கணுக்காலை மூடும் பூட்ஸ் போடுங்கள். பாம்பு கடித்தால் கீறுவதும் கழுவுவதும் உறிஞ்சுவதும் வேண்டாம். கடித்த கை அல்லது கால் முழுவதையும் நீளக் கட்டுத்துணியால் இறுக்கிச் சுற்றி, குச்சி வைத்துக் கட்டி, அவரை நடக்கவிடாமல் கிடத்தி, உதவியை அழையுங்கள்.

13. நிலவில்லாத இரவாகப் பார்த்துப் பயணத்தை வையுங்கள். இது எல்லோருக்கும் கடைசியாகத் தோன்றுகிற யோசனை. எனக்கு இது முதல் யோசனை. பால்வீதி அங்கே ஒளிக்கீற்றாக அல்ல, தலைக்குமேல் கனத்துக் கிடக்கும். தென்சிலுவைக்குப் பக்கத்தில் ஒளியில்லாத கரும்பகுதி ஒன்று தொடங்குகிறது, அதுதான் ஈமுவின் தலை. அதிலிருந்து கழுத்தும் உடலும் பால்வீதியின் வழியே நீள்வதைப் பாருங்கள். விண்மீன்களைக் கோத்து உருவம் காண்பது நம் பழக்கம், இருட்டைக் கோத்துக் காண்பது இந்த மண்ணின் மக்களுடைய பழக்கம். ஒருமுறை கண்ணில் பிடிபட்டால் பிறகு மறையாது. தெற்கே மர்ச்சிசன் பகுதியில், அதே வஜாரி நிலத்தில், அவர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டுதான் ஸ்கொயர் கிலோமீட்டர் அரே ரேடியோ தொலைநோக்கியின் ஒரு பாதியைக் கட்டுகிறார்கள். ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டெனாக்கள். மனித இரைச்சல் அந்த அளவுக்குக் குறைந்த இடம் என்பதே அந்தத் தேர்வுக்குக் காரணம். நீங்களும் பாட்டுப்பெட்டியை அணைத்துவிட்டு உட்காருங்கள்.

14. நாள் இருந்தால் வந்த வழியே திரும்பாதீர்கள். மேற்கே காஸ்கோயின் ஜங்ஷனுக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் மண்சாலை. அதன் வடக்கே கென்னடி ரேஞ்ச், செங்குத்தான செம்பாறைச் சுவர். கடல் இருந்த காலத்துச் சிப்பிகளின் சுவடு அதன் பாறையில் உண்டு. ஜங்ஷனிலிருந்து கார்னார்வன்வரை தார். அங்கே ஆற்றங்கரையெல்லாம் வாழைத்தோட்டம், தோட்ட வாசலிலேயே பழம் விற்பார்கள். அங்கிருந்து பெர்த்துக்குக் கடலோரமாக 900 கிலோமீட்டர்.

நான் கண்டவரை திரும்பும் வழியில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். மலை முடிந்துவிட்டது, இனி வீடுதான் என்று மனம் முன்னே ஓடிவிடும், களைத்த உடம்பு ஸ்டியரிங்கில் இருக்கும். இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை ஓட்டுநரை மாற்றுங்கள். தார் தொடங்கும் இடத்தில் நிறுத்தி நான்கு டயரிலும் இறக்கிய காற்றைத் திரும்ப ஏற்றி, வீல் நட்டுகளை முறுக்கிப் பாருங்கள். அலைச்சாலை அவற்றைத் தளர்த்தியிருக்கும். சிக்னல் கிடைத்த முதல் இடத்தில், உங்கள் பயணத்திட்டத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவரைக் கூப்பிட்டு, வெளியே வந்துவிட்டோம் என்று சொல்லுங்கள். குறித்த நேரத்துக்குள் நீங்கள் கூப்பிடாவிட்டால் போலீசுக்குச் சொல்லச்சொல்லி நீங்கள்தான் அவரிடம் கேட்டுக்கொண்டு வந்திருப்பீர்கள்.